விலை சொன்ன பிறகு

கிராம்பு எண்ணெய் வாசனை. லேக் கார்டன்ஸ் பல் மருத்துவமனையின் கதவைத் தள்ளியதும் முதலில் அதுதான் வந்தது. பிறகு உன் நினைவு.

நோயாளிகளின் பெஞ்சில் உட்கார்ந்தேன். போனதும் விசிட்டிங் கார்டை நீட்டாதே, அரை மணி நேரம் நோயாளி மாதிரி உட்கார் என்பாய். யார் எவ்வளவு நேரம் காத்திருக்கிறார்கள், நாற்காலி இறங்கும்போது என்ன சத்தம் வருகிறது, டாக்டர் யார்மேல் எரிந்து விழுகிறார். எல்லாம் தெரிந்துவிடும். அப்புறம் பேசினால் போதும்.

நாம் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். பல் மருத்துவர்களுக்கு நாற்காலி விற்கும் வேலை. அலுவலகத்தில் தமிழ் பேசுகிறவர்கள் நாம் இருவர்தான். உன் அப்பா சாந்த்ராகாச்சியில் ரயில்வே. என் அப்பா துறைமுகம். எனக்குத் தமிழைவிட வங்காளம் சரளம். நீ திருநெல்வேலிப் பேச்சைக் கடைசிவரை விடவில்லை. நான் இலக்கியம் படித்துவிட்டு வேறு வழியில்லாமல் வந்தவள். நீ விரும்பி வந்தவள். எனக்கு உன்மேல் வந்த முதல் சந்தேகம் அதுதான். இதை யாராவது விரும்புவார்களா?

வெளியே வந்ததும், போனைக்கூட எடுக்காமல், டாக்டர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதுவாய். அவர் மறுத்திருந்தால் மண் குவளையில் ஒரு டீ.

"டீ தீருத வரைக்கும்தான்ட்டி அழுகை. அடுத்த டாக்டருக்கு இது தெரியவா போவுது?"

குவளையை எறிவாய். அடுத்த படி ஏறுவாய்.

எல்லாவற்றுக்கும் மேல் ஒன்று இருந்தது. "வெலையச் சொல்லிட்டு வாய மூடிக்க. மொதல்ல யாரு பேசுதாகளோ அவுக தோத்தாக." என்னால் முடிந்ததே இல்லை. அந்த மௌனத்தில் எனக்கு மூச்சு முட்டும். எதையாவது போட்டு நிரப்புவேன். சலுகை, மன்னிப்பு, கதை.

"அம்மாவுக்கு முழங்கால் எப்படிட்டி இருக்கு?" என்று கேட்டுவிட்டு, பதில் வரும்வரை என் முகத்தையே பார்ப்பாய். டாக்டர்களின் மனைவிகளுக்குத் தைராய்டு எப்படி இருக்கிறது என்று கேட்பதும் அதே குரலில்தான். எது விற்பனை, எது நீ? பிரித்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அற்பத்தனம்தான். இன்னும் போகவில்லை.

இந்த லேக் கார்டன்ஸ் டாக்டர் என்னுடைய வாடிக்கையாளர். ஆறு நாற்காலிகளுக்காக மூன்று மாதம் நடந்தேன். ஆர்டர் உன் பெயரில் வந்தது. அந்த மாதமே நீ எங்கள் குழுவுக்குத் தலைவி ஆனாய்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சாந்த்ராகாச்சியில் உன் வீட்டுக்கு வந்து கேட்டேன். "என் ஆர்டரை நீ எடுத்தியாடி?"

நீ என்னைப் பார்த்தாய். பேசவில்லை. ரயில்வே யார்டில் பெட்டிகளை இணைக்கும் சத்தம் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்தது. நானே ஆரம்பித்தேன். "சரி, விடு. ஆபீஸ்ல இதெல்லாம் சகஜம்." என் கேள்விக்கு நானே பதில் சொல்லி முடித்தேன். நீ என் தட்டில் இன்னொரு வடை வைத்தாய்.

பிறகு மழை. உனக்கு டெங்கு. ஐந்தே நாளில் நீ இல்லை. மருத்துவமனை வராந்தாவில் உன் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றபோதும் அந்தக் கேள்வி எனக்குள் இருந்தது. இதை வேறு யாரிடமும் சொன்னதில்லை.

இரண்டு வருடம் கழித்து, அந்த டாக்டரே இன்று கூப்பிட்டிருந்தார். இன்னும் இரண்டு நாற்காலி வேண்டுமாம்.

"ஆரே, பேச்சு குறைஞ்சிருக்கே! தொண்டை கட்டிருச்சா?" என்று வங்காளத்தில் சீண்டினார். விலைப்பட்டியலைப் புரட்டினார். பிறகு, சாதாரணமாக: "அன்னிக்கு அந்த ஆர்டரை உனக்கே குடுக்கச் சொன்னா உன் சிநேகிதி. தெரியுமா?" அடுத்த மூச்சில், "சரி, இதுல கொஞ்சம் பார்த்துப் போடேன்."

செத்துப்போனவளை வைத்து விலையைக் குறைக்கிறார். அப்படித்தான் நினைத்தேன். வழக்கமான தள்ளுபடியைப் போட்டேன். கையெழுத்து ஆனது. காகிதத்தைப் பைக்குள் வைத்து மூடினேன். இனி என்னிடம் அவருக்கு ஆக வேண்டியது எதுவும் இல்லை. அப்போதுதான் கேட்டேன்.

"அவ சொல்லியும் ஏன் எனக்குக் குடுக்கல?"

"காளிகாட் டாக்டருக்குக் கை நடுங்குதுன்னு எங்கிட்ட சொன்னியே, ஞாபகம் இருக்கா?"

இருந்தது. டாக்டர் முழங்கையை ஊன்றிக்கொள்ள வசதியுள்ள நாற்காலியை இவரிடம் விற்கப் பார்த்தேன். விலை சொன்னேன். இவர் பேசவில்லை. அந்த இடைவெளியில் சொன்னேன்: காளிகாட் டாக்டர் கை நடுக்கத்துக்காகவே இதைத்தான் வாங்கினார்.

"நானும் அவனும் ஒரே காலேஜ். எங்கிட்டயே மறைச்சிருக்கான். நாளைக்கு என்னைப் பத்தி எங்க போய் என்ன சொல்லுவ? உன் பேர்ல ஆர்டர் கிடையாதுன்னு அவகிட்ட சொல்லிட்டேன். அவ ரொம்ப நேரம் பேசாம உக்காந்திருந்தா. கடைசில நான்தான், வேணும்னா நீயே எழுதிக்க, அவ பேர்ல தர மாட்டேன்னேன். எழுதினா. காரணத்தை மட்டும் உங்கிட்ட சொல்ல வேண்டாம்னா."

என் தவறை என்னிடமிருந்து மறைத்தாய். நான் கூசிப்போகக் கூடாது என்றா? அன்றே சொல்லியிருந்தால் அன்றே திருந்தியிருப்பேன். திருந்தாமல் இருந்தேன், நீ தலைவி ஆனாய். அவர் எதிரே அவ்வளவு நேரம் நீ பேசாமல் இருந்தது எனக்காகவா, ஆர்டருக்காகவா? இரண்டும் ஒரே மாதிரிதான் இருந்திருக்கும். வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு.

அங்கிருந்து நேராகக் காளிகாட் போனேன். மன்னிப்புக் கேட்கத்தான்.

அந்த டாக்டர் ஒரு கிழவியின் பல்லை அடைத்துக்கொண்டிருந்தார். முழங்கை நாற்காலியில் ஊன்றியிருந்தது. முடித்துவிட்டுக் கை கழுவியபடி கேட்டார். "லேக் கார்டன்ஸ் பக்கம் போவியா? முன்னெல்லாம் கஷ்டமான கேஸ் எல்லாம் அவன் எனக்குத்தான் அனுப்புவான். இப்ப ஒருத்தரும் வர்றதில்ல. ஏதாவது சொன்னானா?"

வாய்வரை வந்தது. சொன்னால் மன்னிப்புக் கேட்டதாகும். சொன்னால், அவர் ஒளித்து வைத்திருக்கும் கை நடுக்கம் வெளியே தெரியும் என்பதும் அவருக்குத் தெரிந்துவிடும். சொன்னால் இந்த வாசலில் நான் இனி ஏற முடியாது.

பேசவில்லை. அவர் துண்டில் ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். என்னைப் பார்த்தபடி காத்திருந்தார். பிறகு அவரே சொன்னார்.

"அவனுக்கும் வயசாச்சு. மறந்திருப்பான்."

தலையாட்டினேன்.

படி இறங்கினேன். அவருக்காகத்தான் பேசாமல் இருந்தேன் என்று சொல்லிக்கொள்ளலாம். நீயும் அப்படித்தான் சொல்லிக்கொண்டாயா? இல்லை, யாருக்காகப் பேசாமல் இருந்தாய் என்று உனக்காவது தெரிந்திருந்ததா?