நுனி சேர்ந்த இறக்கை

1986 டிசம்பர் 8, திங்கள்
காலை முழுக்கப் பனிமூட்டம். ஸ்டோர் கூரை ஒழுகல், ஆளுக்குச் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு இருமல் மாத்திரை. தபால் இல்லை. இன்றோடு நாற்பத்திரண்டு நாள்.

விமானத் தொழிற்சாலையில் படம் வரைந்த ஐந்து வருஷமும் எனக்கு ஒரே கிறுக்கு. மேலே ஓர் இறக்கை, கீழே ஓர் இறக்கை, இரண்டும் நுனியில் சேர்ந்திருக்கும். நுனியில் காற்று சுழன்று பின்னுக்கு இழுப்பது குறையும், எண்ணெய் மிச்சம். அப்பா படுக்கையில் விழுந்ததும் வேலையை விட்டு மலையேறி, காப்பி எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் ஆனேன். இறக்கையும் கூடவே வந்துவிட்டது. வரைந்து, தொழிற்சாலையில் எனக்கு மேலதிகாரியாக இருந்த சீஃபுக்கு அனுப்பிவிட்டுப் பதிலுக்குக் காத்திருக்கிறேன். ஒரே ஒரு தடவை அது பறப்பதைப் பார்க்க வேண்டும்.

டிச. 10, புதன்
வெயில். காப்பிப் பழம் பறிப்பு மும்முரம். பழம் பறிக்கிற வாழவந்தி ஊர்ச் சின்னப்பொண்ணு சாக்கில் ஒரு பை தைத்து வந்தாள். தோளில் மாட்டுவது. அடிமுடிச்சை அவிழ்த்தால் பழம் கொட்டும், குனிய வேண்டாம். இடுப்புக் கூடையைவிட வேகம், கண்ணால் பார்த்தேன், நன்றாக இருக்கிறது என்றும் சொன்னேன். இருந்தும் வேண்டாம் என்றேன். அளப்பது கூடையால், களத்து மேடை கூடைக்கேற்ற உயரம், மற்றவர்களுக்கும் கூடைதான் பழக்கம். ஒரு பைக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியுமா என்று கேட்டேன்.

"ஏனுங்க ரைட்டரம்மா, நொம்ப நல்லாருக்குன்னு நீங்களே சொல்றீங்க. அப்பறம் ஏனுங்க வேண்டாம்?"

போய் வேலையைப் பார் என்றேன்.

டிச. 12, வெள்ளி
சீஃபிடமிருந்து தபால் வந்தது. ஒரே பக்கம். கணக்கு சரியாம். நன்றாகவே பறக்குமாம். ஆனால் தொழிற்சாலை அச்சுகள், ஹேங்கர் வாசல், எண்ணெய் வண்டி, ஏணி, மெக்கானிக்குகளின் கைப்பழக்கம், எல்லாம் பழைய இறக்கைக்கு. இறக்கைகள் சேரும் இடத்தில் விரிசல் விட்டால் யார் பொறுப்பு? முதல் ஆளாக இறங்க ஒருவரும் தயாரில்லை. கடைசி வரி: ஓர் இறக்கைக்காக எல்லாவற்றையும் மாற்ற முடியுமா அம்மா?

அடுப்படியில் நின்று அழுதேன். என்ன கண்ணு என்றார் அப்பா. புகை என்றேன்.

சாப்பிடும்போதுதான் உறைத்தது. புதன்கிழமை சின்னப்பொண்ணிடம் நான் கேட்ட அதே கேள்வி.

டிச. 13, சனி
மறுபடி பனி. விடிந்ததும் களத்துக்குப் போய், பையைக் கொண்டு வா, மேடையை இறக்கிக் கட்டச் சொல்கிறேன் என்றேன். சின்னப்பொண்ணு கூடையைக் கட்டிக்கொண்டே சொன்னாள்.

"அதையப் பிரிச்சு ஆட்டுக்குட்டிக்கு விரிச்சுட்டனுங்க. நீங்கதான் வேண்டாம்னுட்டீங்களே."

ஸ்டோரிலிருந்து புதுச் சாக்கு இரண்டு கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள், தைப்பதாகச் சொல்லவில்லை. மேடைக்குக் கொத்தனார், திங்கள். அப்பாவுக்கு மருந்து.

படத்தைச் சுருட்டிப் பரணில் போட எடுத்தேன். மனசு வரவில்லை. மேஜை மேலேயே விரிந்து கிடக்கிறது.