அந்த மேல்மூடியைத் திறந்துவிட்டேன்

மாப்ளே,

இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவியும் கையில் பெட்ரோல் வாடை போகவில்லை. மத்தியானம் சோற்றைப் பிசைந்தால் ரசத்திலும் அதே வாடை. பாதியில் எழுந்துவிட்டேன். நீ போய் ஒன்பது மாதமாகியும் உன்னால் எனக்கு ஒரு வாய்ச் சோறு நிம்மதியாக இறங்கவில்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

கட்டப்பனையில் ஓர் ஏலத்தோட்டத்து வீட்டுக் கொட்டகையில் அந்த வண்டியை முதலில் பார்த்தது நான்தான். குனிந்து, டேங்க்கின் மேல் படுத்தபடி ஓட்டுகிற பழைய ஸ்போர்ட்ஸ் பைக். கல்லூரி நாளில் சுவரில் படமாக ஒட்டி வைத்திருந்த அதே மாடல். "எஞ்சின் நல்லதாணு சேட்டா" என்று வீட்டுக்காரர் சொன்ன ஒரு சொல்லை நம்பினேன். நீ சுற்றிச் சுற்றி வந்து, "ஏலே, இது வண்டியா, நோயாளியா?" என்றாய். ஆனாலும் பாதிப் பங்கு போட்டாய். வாய்க்கால் தண்ணீருக்கு முறை வைப்பதுபோல வண்டிக்கும் முறை வைத்தது நீதான். திங்கட்கிழமை காலை நீ கூடலூரிலிருந்து கோம்பைக்கு வந்து என் உரக்கடை வாசலில் விட்டுவிட்டு பஸ்ஸில் போவாய். அடுத்த திங்கள் நான் உன் திராட்சைத் தோட்டத்தில் கொண்டுவந்து விடுவேன்.

அந்தக் கம்பெனி இந்த மாடலை நிறுத்தி எத்தனையோ வருடமாகிறது. பிரேக் பேடு வேண்டுமென்றால் கோயம்புத்தூருக்குச் சொல்லிவிட்டு மூன்று வாரம் வாயைப் பிளந்துகொண்டு இருக்க வேண்டும். வந்தால் அளவு சேராது. முன்பக்க ஆயில் சீலை மாற்றினால் பின்பக்கம் ஒழுகும். நான் எதையும் புத்தகத்தில் சொன்னபடி செய்கிறவன். நீயோ பந்தல் கம்பியை முறுக்கிக் கட்டிவிட்டு, "ஓடுதுல்ல, போதும்" என்பாய். எரிச்சலாக வரும்.

பிறகு நான் விழுந்தேன். லோயர் கேம்புக்கு மேலே, குமுளி ஏற்றத்தில், ஏலக்காட்டு வேலைக்கு ஆள் ஏற்றிப்போன ஜீப்பை முந்தப் போனேன். வளைவில் மணல். தடுப்புச் சுவரில் மோதிக் காரை எலும்பு முறிந்தது. தலையில் அடி என்று தேனியில் மூன்று நாள் தீவிர சிகிச்சையில் போட்டிருந்தார்கள். அப்போது என் மகளுக்கு ஒரு வயது நிரம்பவில்லை.

நான் தேறி எழுவதற்குள் நீ வண்டியைப் பிரித்து, மதுரையில் கொடுத்து எஞ்சின் வேலை பார்த்து, நீயே மாட்டி வைத்திருந்தாய். முன்பிருந்த வண்டியே இல்லை அது. ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல் திரும்பவில்லை. கேட்டால், "புதுக் கேபிளு, அப்படித்தான் இருக்கும்" என்றாய். அறுபதைத் தாண்டினால் மூச்சு வாங்கியது. கார்புரேட்டரைக் கழற்றப் போனேன். "எல்லாத்தையும் கழட்டு மாப்ள, அந்த மேல்மூடிய மட்டும் தொட்றாத. மரை செத்துக் கெடக்கு. தொறந்தா திரும்பப் பூட்டாது. அந்த மூடி இனி எங்கனயும் கெடைக்காது" என்றாய். நானும் நம்பித் தொலைத்தேன்.

இரண்டு வருடம் மாப்ளே. பிளக், செயின், கிளட்ச் பிளேட், சைலன்சர் எல்லாம் மாற்றினேன். எந்த மெக்கானிக்கிடம் போனாலும் முதல் வேலையாக, "மேல்மூடியை மட்டும் தொடாதீங்க" என்று நானே காவல் நின்றேன். உன்னை எத்தனை ஏசினேன். கடைசித் திங்கட்கிழமைகூட, சாவியை உன் கையில் கொடுக்கும்போது, "நீ தொட்டதுல இருந்துதான் இது உருப்படல. ஒனக்கு வண்டியப் பத்தி ஒரு மண்ணும் தெரியாது" என்றேன். "ஆமல, தெரியாது" என்று சிரித்தாய். அந்த வாரம், வீரபாண்டித் திருவிழாவுக்குக் கம்பம் நட்ட மறுநாள், தோட்டத்தில் மருந்தடித்துக்கொண்டிருந்தவன் நெஞ்சு வலிக்கிறது என்று உட்கார்ந்தாய். எழவில்லை.

நேற்று கம்பத்து மெக்கானிக் கையை விரித்துவிட்டார். "எல்லாம் பாத்தாச்சுண்ணே. அந்த மூடியத் தொறக்காம இனி இதுல பாக்க ஒண்ணும் இல்ல" என்றார். கோபத்தோடு வண்டியை வீட்டுக்குக் கொண்டுவந்து, போனால் போகட்டும் என்று நானே இன்று காலை மூடியைத் திருகினேன். வெண்ணெய் மாதிரி திறந்தது. மரைக்கு ஒரு கேடும் இல்லை. உள்ளே, கேபிளைச் சுற்றி, இரண்டு விரற்கடை நீளத்துக்கு மஞ்சள் ஓஸ் குழாய். ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல் ஏறாதபடி முட்டுக்கொடுத்து வைத்திருக்கிறாய். மருந்தடிக்கிற ஓஸ். என் கடையில் நானே அளந்து வெட்டிக் கொடுத்தது.

அடுப்படியில் போய் மனைவியிடம் காட்டினேன். அவள் அதிசயப்படவே இல்லை.

"அண்ணே போட்டதுதான். எனக்குத் தெரியும்."

"நீ போடச் சொன்னியா?"

"நான் சொல்லல. நீங்க தேனில படுத்துக் கெடந்தப்ப அவுகளாத்தான் வந்து சொன்னாக. 'ஆத்தா, அவன்கிட்ட மூச்சு விட்றாத. தெரிஞ்சா கழட்டி எறிஞ்சுருவான். வண்டி இழுக்கலன்னு எம்மேல கோவமாத் திரியட்டும். உசுரோட திரியட்டும்'னாக."

குழாயைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு மூடியைப் பூட்டினேன். உத்தமபாளையம் போகிற நேர்ரோட்டில் விட்டேன். இழுத்தது மாப்ளே. சுவரில் ஒட்டியிருந்த படத்தைப் பார்த்து நான் என்னவெல்லாம் நினைத்தேனோ அப்படி இழுத்தது. முள் எண்பதைத் தாண்டியதும் ஓரமாக நிறுத்திவிட்டேன். பயமில்லை. உன்மேல் வந்த ஆத்திரம். உன் முறை வாரங்களில் நீயும் இதே முடங்கிய வண்டியைத்தானே ஓட்டினாய். நான் ஏசியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, மறுத்து ஒரு வார்த்தை சொல்லாமல் போய்ச் சேர்ந்துவிட்டாய். நான் கேட்க வேண்டிய மன்னிப்பைக் கேட்க எனக்கு ஒரு திங்கட்கிழமைகூட மிச்சம் வைக்கவில்லை. இது என்ன நியாயம்?

வீட்டுக்கு வந்து மறுபடியும் மூடியைத் திறந்தேன். குழாயை நீ வைத்த இடத்திலேயே வைத்துப் பூட்டினேன். கையில் இருப்பது அந்த வாடைதான்.

சாயங்காலம் மகளை முன்னால் உட்கார வைத்துக் கடைவீதிவரை போய்வந்தேன். வண்டி இழுக்கவே இல்லை. உன்மேல் கோபமாகத்தான் திரிகிறேன்.