போன இடத்தில் நின்றுவிடு

12.07.1997, சனி

பயிற்சி முடிந்ததும் மாக்ரெட் மிஸ் எங்கள் வலைப்பந்து அணியை மாமர நிழலில் இருத்தி வைத்துப் பிரசங்கம் செய்தா. "சிங்கப்பூருக்குப் பந்து எறிய மட்டும் போகல்ல. போற நாட்டைப் பத்தி ஒண்ணும் தெரியாமப் போனா எனக்குத்தான் வெக்கம்." ஆளுக்கொரு தலைப்பு. ஷபீகாவுக்குச் சாப்பாடு. கொடுத்து வைத்தவள்! எனக்கு மொழிகள். என்ன கண்றாவி இது! கோல் போடுகிறவளுக்கு மொழி எதற்கு?

வரும் வழியில் வெள்ளவத்தைச் சந்தியில் வழக்கமான பொலிஸ் செக்கிங். அடையாள அட்டையை நீட்டி, அம்மா பாடமாக்கித் தந்த சிங்களத்தை ஒப்பித்தேன். "மஹத்தயா, மம இஸ்கோலே யன லமயெக்." ஐயா, நான் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை. விட்டுவிட்டான்.

20.07.1997, ஞாயிறு

நூலகத்தில் தேடினேன். சிங்கப்பூரில் தமிழும் அரசகரும மொழியாம், நாலில் ஒன்று. ஆகா. புத்தகத்தில் பார்த்தால் எங்கள் நாட்டிலும்தான் அரசகரும மொழி. எழுதினவர் ஒருமுறை பொலிஸுக்குப் போய்த் தமிழில் கதைத்துப் பார்க்கட்டும்!

27.07.1997, ஞாயிறு

அம்மா இன்று சொன்னதை எழுதாவிட்டால் தலை வெடித்துவிடும்.

கனடாவில் இருக்கிற தியாகராசா மாமா, வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சிக்காரரோடு எல்லாம் கதைத்து முடித்துவிட்டாராம். சிங்கப்பூரில் அழகர் என்பவர் ஒரு கடையில் எனக்காகக் காத்திருப்பார். நான் மிஸ்ஸின் கண்ணில் படாமல் அவரிடம் போய்விட வேண்டும். பிறகு கனடா.

"போன இடத்திலயே நிண்டிடு, பிள்ளை. திரும்பி வராதை."

"உங்களுக்கென்ன விசரே, அம்மா? எல்லாரையும் திருப்பிக் கூட்டிக்கொண்டு வருவன் எண்டு மிஸ் கையெழுத்து வைச்சவ. நான் காணாமல் போனால் அவவின்ர வேலை போயிடும்! இனி ஆர் எங்கட பிள்ளையளை வெளியில விடுவினம்?"

"மிஸ்ஸுக்கு வேலைதான் போகும். எனக்குப் பிள்ளையெல்லோ போகும்!"

தைப்பொங்கலுக்கு முதல் நாள் சுற்றிவளைப்பில் என்னைப் பிடித்துக்கொண்டு போனபோது, வெளியே விடும்வரை பொலிஸ் ஸ்டேஷன் வாசலில் மழையில் நின்றவ அம்மா. அப்பாவைச் செல் குண்டு கொண்டுபோய்விட்டது. எனக்கு அவ, அவவுக்கு நான். அவ்வளவுதான் எங்கள் குடும்பம்.

02.08.1997, சனி

அம்மாவிடம் ஓம், சரி என்று சொல்லிவிட்டேன்.

10.08.1997, ஞாயிறு

சிங்கப்பூர்! விடுதிக்குப் போகும் வழியில் கட்டடம் கட்டுகிற இடம். தகரவேலியில் ஒரு பலகை, நாலு மொழி. கடைசியில் தமிழ் - அபாயம். நான் அப்படியே நின்றுவிட்டேன். தமிழரும் விழுந்து சாகக்கூடாது என்று ஒருவர் நினைத்து எழுதி வைத்திருக்கிறார்!

"என்னடீ, சினிமா போஸ்டர் பாக்கிற மாதிரி நிக்கிறா? பசிக்குது, வாடீ" என்று ஷபீகா இழுத்தாள்.

இங்கேயே நிற்கலாம் போல இருந்தது. அதுதானே திட்டமும்.

13.08.1997, புதன்

வென்றோம்! கடைசிக் கோல் என்னுடையது. மிஸ் என்னைக் கட்டிப்பிடித்துக் குதித்தா. நான் இவவின் முகத்தை எப்படிப் பார்ப்பது?

15.08.1997, வெள்ளி

பின்நேரம் சிராங்கூன் வீதியில் கடை பார்க்க விட்டார்கள். அழகரின் விலாசம் என் உள்ளங்கைக்குள் கசங்கிக் கிடந்தது. அம்மாவுக்குச் சேலை வாங்கக் காசு மாற்ற வேண்டும், பாஸ்போட் வேண்டும் என்று மிஸ்ஸிடம் கேட்டேன். எல்லாருடையதும் அவவின் ஹான்ட்பாக்கில்தான். என்னுடையதை எடுத்து, என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தா. விளங்கிவிட்டது அவவுக்கு. "கவனம், புள்ள" என்று மட்டும் சொல்லித் தந்துவிட்டா. ஏசியிருந்தால்கூட நிம்மதியாகப் போயிருப்பேனே!

ஷபீகா சேலைக்கடைக்குள் நின்றபோது நழுவினேன். சந்து, அதற்குள் இன்னொரு சந்து. வழி தவறிவிட்டது. திரும்பினால் முன்னால் ஒரு பொலிஸ்காரர்!

அவர் ஒன்றும் கேட்கவில்லை. ஆனால் என் கை தானாகப் பாஸ்போட்டை நீட்டியது. "மஹத்தயா, மம இஸ்கோலே யன லமயெக்! இஸ்கோலே யன லமயெக்!" சிங்கப்பூரில் நின்று சிங்களத்தில் கெஞ்சுகிறேன். அது என் காதுக்கும் கேட்கிறது, நிறுத்த முடியவில்லை.

அவர் பெயரை வாசித்தார். "தர்மினியா? தமிழ்ப் பொண்ணாம்மா நீ? சொல்றது ஒண்ணும் புரியலையே. பயப்படாம தமிழ்லயே சொல்லு."

பிறந்து இன்றுவரை யூனிபோம் போட்ட ஒருவரிடம் நான் தமிழில் கதைத்ததில்லை. வாயைத் திறந்தால் அழுகைதான் வந்தது.

"சரி சரி. எங்க போகணும்?"

விலாசத்தைக் காட்டியிருந்தால் போதும். அவரே கொண்டுபோய் விட்டிருப்பார். ஆனால் தமிழில் வாய் திறந்தபோது வந்தது இதுதான்: "எங்கட மிஸ் தேடுவா. மிஸ்ஸிட்டைக் கொண்டுபோய் விடுங்கோ."

பாஸ்போட்டைத் திருப்பித் தந்தார். "உள்ள வைம்மா. கேக்காம யார்கிட்டயும் நீட்டாதே."

வீதிவரை கூட்டிக்கொண்டு வந்து விட்டார். கோயில் வாசலில் மிஸ் நின்றா. மற்றவர்கள் ஐஸ்கிறீம் சாப்பிட, அவ மட்டும் தெருவைப் பார்த்துக்கொண்டு. பாஸ்போட்டை நீட்டினேன். வாங்கி வைத்துக்கொண்டா.

"சேலை வாங்கல்லியா?"

"இல்லை, மிஸ்."

முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக் கண்ணைத் துடைத்தா. விடுதிவரைக்கும் என் கையைப் பிடித்தபடியே வந்தா.

17.08.1997, ஞாயிறு

அம்மா கதவைத் திறந்தா. பையும் கையுமாக நான்.

"ஏன் வந்தனீ? மூதேவி, ஏன் வந்தனீ?" முதுகில் படபடவென்று அடி. வீட்டுக்கார பூபாலசிங்கம் அங்கிள் எட்டிப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார். அடித்த கையாலேயே பிறகு கட்டிப்பிடித்து, விடவேயில்லை.

ஒருவருக்குத்தான் இடியப்பம் அவித்திருந்தா. எனக்கு வைத்துவிட்டு, பசியில்லை என்றா. பொய்.

25.08.1997, திங்கள்

அம்மாவும் நானும் சந்தைக்குப் போனோம். சந்தியில் செக்கிங். "கொஹேத யன்னே?" எங்கே போகிறாய் என்று கேட்டான். அட்டையைக் கொடுத்தேன். தமிழில்தான் சொன்னேன். "அம்மாவும் நானும் சந்தைக்குப் போறம்."

அம்மா என் கையைக் கிள்ளியே எடுத்துவிட்டா. அவன் என்னையும் அட்டையையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு எங்களை வெயிலில் ஒதுக்கி நிறுத்திவிட்டு, பக்கத்துக் கடை மஷூர் நானாவைக் கூப்பிட்டான். நானா அதையே சிங்களத்தில் சொன்னார். அட்டை திரும்பி வந்தது.

சந்தைவரைக்கும் அம்மா என்னை இழுத்துக்கொண்டு நடந்தா. மீன் கடையில்தான் வாய் திறந்தா. "விசரி. நீ அங்கயே நிண்டிருக்க வேணும்."

சொல்லிவிட்டு, எனக்குப் பிடிக்குமென்று நண்டு பார்த்துப் பார்த்துப் பொறுக்கினா. இரண்டு பேருக்குப் போதுமா என்று கடைக்காரனிடம் கேட்டா.