மறுகாலில் கட்டிய வலை

ஜூன் 3, செவ்வாய்

இனி நடந்ததை நடந்தபடியே எழுதுவேன். என்னைக் குற்றம் சொல்லும் விஷயத்தையும் மறைக்க மாட்டேன்.

முதல் உண்மை: எங்கள் வாழைத் தோட்டத்து மண் அணை அப்பாவுக்குச் சொந்தம். அது நிறைந்தால் மிச்சத் தண்ணீர் மறுகால் வழியாக ஓடைக்குப் போய்விடும். போன மாதம் அந்த மறுகாலின் குறுக்கே வலை கட்டச் சொன்னது நான். நான் வளர்க்கும் கட்லா மீன் குஞ்சுகள் ஓடிவிடக் கூடாதே!

ஜூன் 7, சனி

மழை. மழை. மழை.

ஜூன் 10, செவ்வாய்

தோட்டத்தில் வேலை செய்யும் மாடம்மாள் அக்காவின் வீடு அணைக்கு நேர் கீழே. "ராத்திரி லைட்ட அணைக்கதே இல்ல பிள்ள. தண்ணி வந்தா கண்ணுக்குத் தெரியணும்லா" என்று சிரித்தார். நானும் சிரித்தேன். ஏன் சிரித்தேன்?

கரையடியில் ஈரம் கசிகிறது என்று அப்பாவிடம் சொன்னேன். "சாரமில்ல மக்கா, ஒண்ணும் ஆவாது. இருவது வருசமா நிக்க கரையாக்கும்" என்றபடியே சாலைக் கடைக்குக் கிளம்பிவிட்டார்.

ஜூன் 12, வியாழன்

பள்ளி நூலகத்தில் அணைகளைப் பற்றிய மலையாளப் புத்தகம் கிடைத்தது. கசிவு கலங்கி வந்தால், தண்ணீர் கரையின் மண்ணையே அரித்துக்கொண்டு வருகிறதாம்.

மாலையில் எங்கள் கரைக் கசிவைப் பாட்டிலில் பிடித்துப் பார்த்தேன். பால் விட்ட டீயின் நிறம்.

மறுகாலுக்கு ஓடினேன். வலை முழுக்க வாழைச் சருகு. தண்ணீர் வெளியே போகவே இல்லை. கரை உச்சிக்கு இன்னும் ஒரு சாண்தான். ஐயோ, கலைச்செல்விக்கு நாலு வயசுதானே ஆகுது! மாடம்மாள் அக்கா பொண்ணு! என் மீனுக்காக—

அப்பா வந்துவிட்டார். போகிறேன்.

ஜூன் 13, வெள்ளி

நேற்று பாட்டிலை அப்பாவின் முன்னால் வைத்தேன். "வலை கட்டச் சொன்னது நான்தாம்ப்பா." அவர் பாட்டிலைப் பார்த்தார், அரிவாளை எடுத்தார். "கெட்டினது நான்லா" என்றார்.

வலையை அறுத்ததும் தண்ணீர் இரைந்துகொண்டு ஓடைக்குப் பாய்ந்தது. மீன்களும் போயின. அக்காவையும் கலைச்செல்வியையும் எங்கள் வீட்டுக்குக் கூட்டிவந்தோம்.

"மொதலாளி வீட்டுல இன்னைக்கு மீன் கொழம்பா?"

"அது ஓடிப்போச்சு மாடம்மா" என்றார் அப்பா.

இன்று அப்பா கூப்பிட்டு எஞ்சினியர் ரத்னாபாய் வந்தார். மதகைத் திறந்து அணைத் தண்ணீரை மெல்ல மெல்லப் பாதியாக்கச் சொன்னார். கசியும் இடத்தில் முதலில் மணல், அதன்மேல் சரளை. "தண்ணி வரட்டே மோளே. மண்ணுதான் வரக்கூடாது."

ஜூன் 22, ஞாயிறு

நான்கு நாளாகப் பாட்டிலில் தெளிந்த தண்ணீர். கோடையில் வாழைக்குத் தண்ணீர் போதாது என்று அப்பா முணுமுணுக்கிறார். ஆனாலும் மறுகாலை அகலமாக்க ஆளுக்குச் சொல்லிவிட்டார்.

அக்காவும் கலைச்செல்வியும் இன்று வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மணி ஒன்பது. ஜன்னல் வழியே பார்த்தேன். கீழே அவர்கள் வீட்டில் விளக்கை அணைத்துவிட்டார்கள்.