கிரேனில் குடிக்காத தண்ணீர்

அன்பு மனைவிக்கு,

உன் முட்டிவலி குறைந்ததா? சின்னவள் ஒழுங்காகச் சாப்பிடுகிறாளா? போனில் பேசினால் அறையில் கூடத் தங்கியிருக்கும் எல்லோருக்கும் காது நீளும். அதனால்தான் கிரேனில் உட்கார்ந்தபடி எழுதுகிறேன்.

போன வாரம் எனக்குச் சிறுநீரகத்தில் கல் வந்து, தானாகவே வெளியேறிவிட்டது. மிளகு அளவுதான். அதற்குப் போய் ஆம்பிளை நான் தரையில் உருண்டேன். இப்போது ஒன்றுமில்லை, பயப்படாதே.

சுகரால் அடிக்கடி ஒன்றுக்கு வருகிறது. ஒவ்வொரு தடவையும் ஏணியில் இறங்கி ஏறினால் கீழே வேலை நின்றுவிடும், சத்தம் போடுவார்கள். அதனால் பகலில் தண்ணீரே குடிப்பதில்லை.

"சுகர் இருக்கா? இருந்தா இந்தக் கல்லு சுலபமா வரும், திரும்பவும் வரும்" என்றார் டாக்டர். கூட்டிப்போன மேஸ்திரி பக்கத்திலேயே நின்றார். சுகர் என்று தெரிந்தால் கிரேனில் ஏற்றமாட்டார்கள். "இல்லைங்க" என்றேன்.

"அப்ப நல்லா தண்ணி குடிங்க, போதும்" என்று அனுப்பிவிட்டார்.

சுகர் மாத்திரை தீரப்போகிறது. இங்கிருந்து லீவில் ஊருக்கு வந்திருக்கும் வெல்டரிடம் கொடுத்தனுப்பு. அட்டையோடு வேண்டாம், பிரித்து, பல்பொடி டப்பாவில் போடு. டப்பாமேல் உன் கையெழுத்தில் ஏதாவது எழுது.

கீழே விசில் அடிக்கிறார்கள், முடிக்கிறேன். ராத்திரி போனில் "தண்ணி குடிச்சீங்களா"ன்னு மட்டும் கேட்காதே. அறையில் ஆள் இருக்கும். உன்னிடமும் "குடிச்சேன்" என்றுதான் சொல்லுவேன்.