மீன்கொத்திக் குஞ்சுக்குப் பால்சோறு

அருட்பெருஞ்ஜோதி துணை

நெய்வேலி,
ஞாயிறு

அன்பு மகள் திலகவதிக்கு அம்மா எழுதுவது. ஆண்டவர் தயவில் நானும் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம், மஸ்கட்டில் நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும் என்றுதான் தினமும் விளக்கு முன்னால் கேட்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன் என்று எழுதுகிறேன், பயப்படாதே, எங்கள் உடம்புக்கு ஒன்றுமில்லை. பத்து நாள் முன்னால் நம் பிளாக் பின்னால் பைப் போட மண் தோண்டினார்கள், பொந்து இடிந்து இரண்டு குஞ்சுகள் கிடந்ததாக அப்பா ஷிப்ட் முடிந்து வரும்போது ஹெல்மெட்டில் வைத்துக் கொண்டுவந்தார். பெரிய மூக்கு, முள்முள்ளாக இறகு, என்ன பறவை என்று எங்களுக்குத் தெரியவில்லை. பசித்த உயிர் என்று பால்சோற்றை மசித்து மணிக்கொரு தரம் ஊட்டினேன், ஊட்டிய நேரத்தைக் காலண்டரில் குறித்தும் வைத்தேன். மறுநாளே இரண்டுக்கும் கழிச்சல். மூன்றாம் நாள் பக்கத்து குவார்ட்டர்ஸ் ஆதிலட்சுமி எட்டிப் பார்த்து, இது மீன்கொத்திக் குஞ்சு அக்கா, இதுக்குப் போயி பாலுஞ்சோறும் ஊட்டிகினு இருக்கியே, இதுவும் உன்ன மாதிரி வடலூர் பார்ட்டின்னு நெனச்சிக்கினியா என்று சிரித்தாள். அன்று சாயங்காலமே சின்னது செத்துப்போயிற்று. உயிர்க்கொலை கூடாது என்று இருபத்திரண்டு வருஷமாக இருப்பவள் கையால் ஒரு உயிர் போய்விட்டதடி.

மற்றதற்கு ஆதிலட்சுமிதான் நாலு நாள் மீன் நறுக்கி ஊட்டினாள், பிறகு முத்தாண்டிக்குப்பத்தில் கல்யாணம் என்று போய்விட்டாள். அப்பா ஷிப்டுக்குப் போய்விடுகிறார். நானே மார்க்கெட்டுக்குப் போனேன். மீன்காரம்மா எத்தினி பேருக்கும்மா என்றாள், ஒரு ஆளுக்கு என்றேன். செத்த மீன்தான், ஆனால் எனக்காகத்தானே பிடித்தது. முதல் நாள் நறுக்கும்போதே வாந்தி எடுத்தேன். அதுவோ என் விரலையும் சேர்த்து விழுங்கப் பார்த்தது, இப்போது கத்தினால் தெருக்கோடிவரை கேட்கிறது.

நேற்றுப் பூசம். அப்பா பஸ் ஏற்றிவிட்டார், வடலூர் சபை வாசல்வரை போய்விட்டேன். கொலையும் புலாலும் விட்டவர்கள் மட்டும் உள்ளே வரலாம் என்று எழுதியிருப்பதை இத்தனை வருஷம் நின்று படித்ததே இல்லை, நேற்றுதான் படித்தேன். கழற்றிய செருப்பை மறுபடி மாட்டிக்கொண்டு, வெளியிலிருந்தே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிட்டேன். கூட்டமா என்று அப்பா கேட்டார், ஆமாம் என்றேன். செய்தது சரியா தப்பா என்று நீ சொல்ல வேண்டாம், எனக்கு அசதியாக இருக்கிறது, அவ்வளவுதான். அது பறக்கிறவரைக்கும் நறுக்கித்தான் ஆக வேண்டும்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நெடுநாள் வாழ வேண்டும். தைராய்டு மாத்திரையை வெறும் வயிற்றில் போடு. அப்பாவிடம் பேசும்போது நான் உள்ளே போகாததைச் சொல்லிவிடாதே.

உன் அம்மா,
விஜயலட்சுமி