யாரும் குறை சொல்லவில்லை

அன்புள்ள அம்மா,

முழங்கால் வலி தேவலையா? இந்த வின்னிபெக் குளிரிலும் எனக்கு உடம்பு நன்றாக இருக்கிறது. வயிற்றெரிச்சல்தான் தாங்கவில்லை.

எங்கள் கல்லூரி நூலகத்தின் வீடியோக்களைப் பற்றி மாணவர்களிடம் கருத்துக் கேட்டோம். எல்லாரும் பிரமாதம் என்றார்களாம். மேலாளர் பிரெஸ்காட் கேக்கே வெட்டிவிட்டார். அன்றைக்குத்தான் காது கேளாத நவோமி என்ற மாணவி என்னிடம் எழுதிக் காட்டினாள்: "பேசறது எழுத்துல வரலைன்னா எனக்கு என்ன புரியும்? கொஞ்ச நேரத்துலயே மூடிட்டேன்."

பிரெஸ்காட்டிடம் போய்ச் சொன்னேன்.

"யாருமே குறை சொல்லலையே, டோரீன்!"

"வீடியோவைக் கடைசிவரைக்கும் பார்த்தாத்தானே சார் உங்க கேள்வியே திரையில வருது? பாதியில மூடினவகிட்ட யாரு கேட்டா?" என்று எல்லார் முன்னாலும் கத்திவிட்டேன். வேலையெல்லாம் போகாது, பயப்படாதே.

நீ பின்னிக்கொடுத்த கையுறையில் இடது கை தொலைந்துவிட்டது. அதை மட்டும் பின்னி அனுப்பேன். கடையில் வாங்கியது கதகதப்பாகவே இல்லை.

தபால்காரர் வந்துவிடுவார், முடிக்கிறேன். உனக்குக் காது மந்தமாகி எத்தனை வருஷம்! நம் வீட்டு டிவியில் பேசுவது இன்னும் எழுத்தில் வரவில்லை. "அவ ஒண்ணும் சொல்லலையே" என்பார் அப்பா.

"நீங்க அம்மாகிட்ட கேட்டீங்களா?" என்று நான் கேட்டதாக அவரிடம் சொல்.

டோரீன்